விரற்கடை, சாண், முழம்

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு கடலைச் சேர்வதற்குச் சற்று முன் அகலமாகப் பரந்து ஓய்ந்து கிடக்கிறது. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, புதுச்சேரியை நெருங்கியதும் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பத்து ஆறு. அரிக்கமேட்டைத் தொட்டுக்கொண்டு போவது அது. தெற்குக் கிளைதான் இந்தச் சுண்ணாம்பாறு. கடலூர் சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்குப் பாலத்திலிருந்து படகுக் குழாமும் தென்னைகளும் தெரியும். ஜனவரி விடியலில் பாலத்தைவிட்டு இறங்கிக் கரையோரமாக நடப்பவர்களுக்கு அலையாத்திச் செடிகளுக்கு அடியில் மடையான்கள் தெரியும், நீரின் மேல் ஆலாக்கள் தெரியும், மின்கம்பியில் மீன்கொத்தி தெரியும்.

அப்படி நடந்த ஒரு காலையில்தான் வீச்சுவலையோடு நின்றிருந்த ஒரு மீனவரிடம், ஆற்றில் எந்த இடம் ஆழம் என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். “கொக்கு நிக்குது பாருங்க சார், அங்க கெண்டக்காலுக்குக் கீழதான் தண்ணி. அந்தாண்ட நாரை நிக்குதுல்ல, அங்க முட்டிக்கு வரும். நாங்க கம்பு விட்டா பாக்குறோம்? இதுங்களப் பாத்துதான் எறங்குவோம்.”

பறவையைப் பார்த்து நீரின் ஆழத்தை அறிகிறார் அவர். இதைத் திருப்பிப் போட்டால் பறவை பார்ப்பவர்களுக்கு வேண்டிய முதல் பாடம் கிடைத்துவிடுகிறது. ஆழத்தைப் பார்த்துப் பறவையை அறியலாம். நோணாங்குப்பத்தில் கிளம்பி வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சென்னை வரை போனால், வழி நெடுக ஏரி, உப்பங்கழி, உப்பளம், சதுப்பு என்று நீர்நிலைகள் கோத்தாற்போல வருகின்றன. எந்த இடத்தில் எந்தப் பறவை என்று பட்டியல் கேட்கிறவர்களே அதிகம். பட்டியலைவிட ஓர் அளவுகோல் அதிகம் உதவும் என்பது என் அனுபவம். அதுவும் நம் பாட்டன்மார் கையிலேயே வைத்திருந்த அளவுகோல்தான்.

ஈரச் சேற்றில், விரற்கடை ஆழத்துக்குள் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும் மேயும். நான்கு விரல் ஆழத்தில் வளைமூக்கு உள்ளானும் பவளக்காலியும் இறங்கும். ஒரு சாண் ஆழம் நெடுங்கால் உள்ளானுக்கும் கரண்டிவாயனுக்கும் உரியது. முழ ஆழத்தில் நின்று மேயக்கூடியது பூநாரை. அதைவிட வெகு ஆழத்தில் நிற்கிற கால் எதற்கும் இல்லை. நீந்துகிற நாமக்கோழி, முக்குளிக்கிற நீர்க்காகம், பையைத் தொங்கவிட்டு மீன் அள்ளுகிற கூழைக்கடா ஆகியவற்றின் இடம் அது. நீரில் நிற்கும் பறவைகளின் வகை வேற்றுமை பெரும்பாலும் கால் நீளத்திலும் அலகு நீளத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஏரியில் 30 வகைப் பறவைகள் சண்டையில்லாமல் பிழைப்பது இப்படித்தான். ஏரி ஒன்றுதான்; ஆழத்துக்கு ஆழம் பந்தி வேறு.

இந்தக் கரைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உலகத்தின் புகழ்பெற்ற சேற்றுப் படுகைகள் பலவற்றில் ஆழத்தை மாற்றுவது கடல் ஓதம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 10 மீட்டரையும் எட்டுகிறது. தினமும் இரண்டு முறை பெரும் சேற்றுவெளி திறந்து மூடும். புதுச்சேரிக் கரையில் அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இங்கே பறவைகளுக்குச் சேற்றைத் திறந்துவிடுவது பெரும்பாலும் வெயில். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஏரிகளையும் கழிகளையும் நிரப்புகிறது. பொங்கலுக்குப் பிறகு நீர் வற்றத் தொடங்கும். வற்ற வற்ற, முழம் சாணாகும், சாண் விரற்கடையாகும். ஆறு மணி நேரத்தில் நடக்கும் ஓத நாடகம் இங்கே ஆறு மாதமாக நீண்டு நடக்கிறது. அதனால் இந்தச் சாலையில் ‘எங்கே போகலாம்’ என்ற கேள்விக்கு ‘எந்த மாதம்’ என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

ஊசுட்டேரி புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. கடற்கரைச் சாலையைப் பிடிக்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. ஏரியின் பாதி புதுச்சேரியிலும் மறுபாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. புதுச்சேரி தன் பங்கான 390 ஹெக்டேரை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பங்கைப் பின்னர் அறிவித்தது. பறவைக்கு இந்த எல்லை தெரியாது. ஏரி ஆழமானது என்பதால் நீந்துபவையும் மிதப்பவையுமே இங்கே அதிகம்: நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்ச்செடிகளின் மேல் நடக்கும் இலைக்கோழி, கூழைக்கடா. உள்ளான்களைத் தேடி டிசம்பரில் இங்கே வந்தவர்கள் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம் ஏரியின் குறையல்ல, ஆழம்.

ஏரிக்கரைப் புதர்களில் காலையில் கவுதாரி கூவும். அந்தக் குரலைக் கேட்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. கவுதாரியின் அறிவியல் பெயரில் இருப்பது ‘பாண்டிச்சேரியானுஸ்’ என்ற சொல், நம் ஊரின் பெயர். பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் புதுச்சேரிக்கு வந்து இந்தப் பகுதியின் பறவைகளைப் பார்த்து எழுதி, 1782இல் தம் பயண நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த ‘பாண்டிச்சேரிக் கவுதாரி’க்கு 1789இல் ஜெர்மன் இயற்கையியலாளர் கிமெலின் லத்தீன் பெயர் சூட்டினார். உலகத்தின் எந்த அருங்காட்சியகத்தில் கவுதாரி இருந்தாலும் அதன் சீட்டில் இன்றும் இந்த ஊர்ப் பெயர் இருக்கும்.

இனி வடக்கே.

காலாப்பட்டைத் தாண்டிப் போகும்போது சாலைக்கு வலப்பக்கம் கடல், இடப்பக்கம் சற்று உள்ளே ஒரு பெரும் தாழ்நிலம். கழுவெளி என்றும் கழுவேலி என்றும் எழுதுகிறார்கள். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கிறது. மேட்டு ஏரிகள் நிரம்பி வழியும் நீரெல்லாம் இங்கே வந்து சேர்ந்து, வடக்கே உப்புக்கல்லி ஓடை வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. அதனால் தெற்கில் நன்னீராகவும் வடக்கே போகப் போக உவராகவும் மாறுகிற ஏரி. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கழுவெளிக்கு வரவேண்டிய மாதம் பிப்ரவரி, மார்ச். சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, ஏரி மேற்கே இருக்கிறது. காலையில் வந்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். பறவையின் மேல் முழு வெளிச்சம் விழும். இந்த ஒரு சிறிய ஏற்பாட்டுக்காகவே நான் எப்போதும் நோணாங்குப்பத்திலிருந்து இருட்டோடு கிளம்புகிறேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் மட்டுமே தாழ்கிற தட்டையான தரை என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் நீர் வற்றினால், நீரின் விளிம்பு 5 மீட்டர் உள்ளே நகர்ந்துவிடும். நேற்று வரை நீருக்குள் இருந்த 5 மீட்டர் சேறு இன்று திறந்து கிடக்கும், புழுவும் பூச்சிக் குடம்பியும் நத்தையும் உயிரோடு. நாளை இன்னொரு 5 மீட்டர். தினமும் புதிதாக விரிக்கப்படும் இலை அது. உள்ளான் கூட்டங்கள் அந்த விளிம்போடு சேர்ந்து நாளுக்கு நாள் ஏரியின் நடுவை நோக்கி நகர்கின்றன. ஒரு வாரம் கழித்து அதே இடத்துக்கு வந்து ‘பறவை போய்விட்டது’ என்று சொல்பவர்கள், சற்றுத் தள்ளி நீரின் புதுவிளிம்பைத் தேடிப் பார்க்கவேண்டும்.

அந்த விளிம்பில் இரண்டு வகைத் தொழிலாளிகளைக் காணலாம். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். அதற்குப் பெரிய கண். சேற்றின் மேல் புழு அசைவதைப் பார்த்து வேட்டையாடுகிறது. அலகு குட்டை. பக்கத்திலேயே வளைமூக்கு உள்ளான் தலையைத் தூக்காமல் தையல் இயந்திரத்தின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அது பார்ப்பதில்லை, தொட்டு அறிகிறது. உள்ளானின் அலகு நுனி எலும்பில் தேன்கூட்டு அறைகளைப்போலச் சிறு குழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். 1998இல் நெதர்லாந்தின் தெயூனிஸ் பியர்ஸ்மாவும் உடன் பணியாற்றியவர்களும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவை, ஈர மணலில் அலகை நுழைக்கும்போது மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நீரில் அழுத்தம் பரவுகிறது. உள்ளே சிப்பி போன்ற கெட்டிப் பொருள் இருந்தால் அழுத்தத்தின் பரவல் மாறுகிறது. அலகு சிப்பியைத் தொடாமலே பறவை அதை அறிந்துவிடுகிறது. உலர்ந்த மணலில் இந்த வித்தை பலிக்கவில்லை. சேற்றில் நீர் இருப்பது உள்ளானுக்குக் கண்ணில் ஒளி இருப்பதைப் போன்றது. ஏரி முழுதாகக் காய்ந்து வெடித்துவிட்டால், மண்ணுக்குள் உணவு மிச்சமிருந்தாலும் உள்ளான் குருடாகிவிடும்.

மார்ச் மாதத்தில் இவை ஏன் இத்தனை வேகமாகத் தின்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். அது முட்டையிடும் இடம் வட துருவத்தை ஒட்டிய தூந்திர நிலம். மத்திய ஆசிய வான்வழி என்று அறிவியலாளர்கள் குறிக்கும் பாதையில் இமயத்தையும் பாலைகளையும் கடந்து, ஜூன் மாதத்துக் குறுங்கோடைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். எரிபொருள் பெரும்பாலும் உடலில் ஏற்றிக்கொள்ளும் கொழுப்புதான். நீண்ட பயணத்துக்கு முன் கரைப்பறவைகள் சில தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்கின்றன. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு வரிவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அத்தகைய பறத்தலுக்குக் காசு சேர்க்கும் இடம் சேறுதான். கழுவெளியில் ஒரு கூட்டத்தை வண்டியின் ஒலிப்பானாலோ படம் எடுக்கும் ஆசையாலோ கிளப்பிவிடும்போது, அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கை நாம் எரித்துவிடுகிறோம்.

மரக்காணம். சாலை ஓரத்திலேயே உப்பளங்கள் வந்துவிடுகின்றன. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இந்த ஊர்தான்.

உப்பளத்தை வெறும் தொழிற்களமாகப் பார்ப்பவர்கள் மிக அழகான ஒரு சோதனைச்சாலையைத் தவறவிடுகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் உப்பு பூக்கும். முதல் பாத்திகளில் மீன் குஞ்சும் இறாலும் இருக்கும். கொக்கும் ஆலாவும் அங்கே நிற்கும். நடுப் பாத்திகளில் மீன் உயிர் தாங்காது. போட்டிக்கு மீன் இல்லாததால் உப்புநீர்ப் பூச்சிகளும் குடம்பிகளும் பெருகும். நெடுங்கால் உள்ளானும் கொசு உள்ளானும் கூட்டமாக இறங்குவது அங்கேதான். கடைசிப் பாத்தியில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் மட்டும். அவை நீருக்கு இளஞ்சிவப்பு ஏற்றும். அங்கே பறவை நின்றால் ஓய்வுக்காக நிற்கிறது என்று பொருள். ஆழம் எல்லாப் பாத்தியிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆழம் ஒன்றாக இருக்கும்போது உப்பின் அளவு பந்தியைப் பிரிக்கிறது. உப்பு வாரும் தொழிலாளர்கள் வெறுங்காலோடு நடக்கும் வரப்புகளில், அவர்கள் போன பிறகு உள்ளான்கள் வரிசையாக ஒற்றைக்காலில் நின்று தூங்கும்.

இத்தனை உப்பை விழுங்கி இவை எப்படிப் பிழைக்கின்றன? நம் சிறுநீரகம் கடல்நீரைவிடச் செறிவான சிறுநீரைப் பிரிக்காது. அதனால்தான் கடல்நீர் குடித்தால் மனிதன் சாவான். பறவையின் சிறுநீரகம் நம்முடையதைவிடத் திறமையானதும் இல்லை. விடையை 1957இல் உடலியங்கியலாளர் கனூட் ஷ்மிட்-நீல்சன் நீர்க்காகத்திடம் கண்டுபிடித்தார். கடற்பறவைகளின் தலையில் கண்ணுக்கு அருகே ஒரு சுரப்பி இருக்கிறது. அது இரத்தத்திலிருந்து மிகுதி உப்பைப் பிரித்து அடர்ந்த உப்புநீராக மூக்கு வழியே வடித்துவிடுகிறது. உப்பளத்தில் பூநாரையோ கடற்காகமோ தலையை உதறுவதைப் பார்த்தால், அலகு நுனியில் சொட்டுவது பெரும்பாலும் அதுதான்.

மரக்காணத்தைத் தாண்டினால் இடைக்கழிநாடு. ஊர்ப் பெயரிலேயே கழி இருக்கிறது: கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூர்க்காரர். அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆற்றுப்படை என்பதே வழி காட்டும் பாட்டு. பரிசில் பெற்று வந்த பாணன், பசித்து வரும் இன்னொரு பாணனுக்கு எந்த வழியாகப் போனால் எந்த நிலம் வரும், அங்கே என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறான். பசியோடு வருபவனுக்கு நிலத்தைப் படிக்கக் கற்றுத்தரும் அந்தப் பாட்டைப் பாடியவரின் மண்ணில் நின்றுகொண்டு உள்ளான்களைப் பார்க்கும்போது, இந்தப் பறவைகளும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் உடலில் ஓர் ஆற்றுப்படையை எழுதி வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. கோட்டைக்கு வருபவர்கள் கழியின் மணல்திட்டையும் ஒரு முறை நோக்கவேண்டும். கடற்காகங்களும் ஆலாக்களும் காற்று வரும் திசையை நோக்கி அலகை நீட்டி அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஒதியூர்க் காயலுக்கு முதலியார்குப்பம் படகுத்துறையை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இங்கே நீர் சாலைக்குக் கிழக்கே வந்துவிடுகிறது. காலையில் வந்தால் கண்ணைக் கூசும். மதியத்துக்கு மேல் வாருங்கள், சூரியன் மறுபடி முதுகுப் பக்கம் வந்துவிடும். நீர் முழ ஆழத்துக்கு இறங்கியிருக்கும் ஆண்டுகளில் பூநாரைகள் வரும். பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்குமாறு மேய்வதை எல்லாப் படங்களிலும் பார்த்திருப்போம். நாக்கு உந்துகுழாய்போல நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்துச் சீப்புகள் நுண்பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டும். அது வடிகட்டிக்கொண்டு சும்மா நிற்பதில்லை என்று 2025இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காலால் சேற்றை மிதித்தும், தலையைச் சட்டென மேலே இழுத்தும், அலகை நீருக்குள் படபடவென்று தட்டியும் நீரில் சிறு சிறு சுழல்களை உண்டாக்கி, ஓடித் தப்பும் உயிர்களையும் அலகுக்குள் இழுத்துக்கொள்கிறது. பூநாரை ஓரிடத்தில் வட்டமடித்து மிதிப்பதைக் கண்டால், பத்து நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள்.

அதற்கு வடக்கே கோவளம் கழிமுகமும், சென்னைக்குள் பள்ளிக்கரணையும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வேடந்தாங்கல் இந்தச் சாலையில் இல்லை, மேற்கே உள்ளே போகவேண்டும். அது கூடு கட்டும் ஊர். நான் சொல்லிவருவது மேயும் ஊர்களை. கூடு மரத்தில் இருந்தாலும் குஞ்சின் வயிறு ஆழங்குறைந்த நீரில் இருக்கிறது.

இந்த நீர்நிலைகளைத் தனித்தனி நிறுத்தங்களாக நாம் வரைபடத்தில் குறித்துக்கொள்கிறோம். பறவைக்கு நோணாங்குப்பம் முதல் பள்ளிக்கரணை வரை ஒரே சமையலறைதான். ஊசுட்டேரி ஆழமாக இருக்கும்போது உப்பளம் சோறு போடுகிறது. உப்பளம் மழையில் மூழ்கும்போது வேறொரு கரை திறந்திருக்கிறது. கழுவெளி காயும்போது ஒதியூர் இருக்கிறது. நடுவில் ஒன்று போனால் அந்த மாதத்துக்கு மாற்று இல்லாமல் போகும். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை சாலையை நான்கு வழியாக அகலப்படுத்துகிறார்கள். கழியையும் ஓடையையும் கடக்கும் இடங்களில் நீர் இரு பக்கமும் தடையின்றிப் போய்வர வழி விட்டிருக்கிறார்களா என்பதைப் பறவை பார்ப்பவர்களே முதலில் கவனித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கரைகளில் மணிக்கணக்காக நிற்பவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு, அது நல்லெண்ணத்தோடு நடப்பது. ஏரியைத் தூர் வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி, ஓரத்திலிருந்து நடு வரை ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக உயர்த்திவிடுகிறார்கள். நீர் அதிகம் நிற்கும், உண்மை. கழுவெளியில் போட்ட கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில் அரை சென்டிமீட்டர் நீர் வற்றினால் திறக்கும் சேறு 5 மீட்டர் அல்ல, ஒரு சென்டிமீட்டர். விரற்கடைப் பந்தியும் சாண் பந்தியும் அந்த ஏரியிலிருந்து ஒரே கோடையில் எடுக்கப்பட்டுவிடுகின்றன. உங்கள் ஊர் ஏரியில் தூர் வாரும் வேலை தொடங்கினால், ஒப்பந்தக்காரரிடமும் ஊராட்சியிலும் போய் ஒன்றைக் கேளுங்கள்: நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டட்டும், ஏதாவது ஒரு பக்கக் கரையையாவது மெல்லச் சரியும் மேடாக அப்படியே விட்டுவைக்கட்டும்.